வெளுக்காத கருப்பு

கட்டிய கணவன் மரியாதையாகப் பேசினால் எந்தப் பெண்ணுக்காவது கசக்குமா? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரிக்குக் கசந்தது. அவர் வாயிலிருந்து ஒரு "ங்க" வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

"வாங்கம்மா. யாரைப் பாக்கணும்?"

கதவைப் பாதி திறந்து, மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு அவர் இப்படிக் கேட்கும் நாளில், அவள் படியிலேயே நின்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். வகிட்டில் வெள்ளை தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். ஆள் முழுசாகத்தான் வந்தார். நினைவில் மட்டும் நடுவில் பெரிய துண்டாக ஒன்று காணாமல் போயிருந்தது. மகள் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது எதுவும் இல்லை. அவர் கணக்கில் அவருக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் திரும்பவில்லை. பெண்டாட்டிக்கு இடுப்பைத் தொடும் கருகரு ஜடை. கைகளுக்கு மட்டும் மறதி இல்லை. செம்புக் கம்பியைக் கொடுத்தால் அது பாட்டுக்குச் சுற்றும்.

ஜடை கருப்பாக இருக்கும்வரை அவள் அவருடைய பெண்டாட்டி. "வந்தியாடி? ஏன்டி இவ்வளவு நேரம்?" என்று வாய் நிறைய "டி" போடுவார். கருப்பு வெளுத்தால் அவள் யாரோ. யாரோவாக மட்டும் இருந்தால் சகித்துக்கொள்ளலாம். பெண்டாட்டியைக் காணோம் என்று அவர் தேடக் கிளம்பிவிடுவார். போன முறை பஸ் நிலையத்தில் நின்று ஒவ்வொரு கண்டக்டரிடமும், நீளமான ஜடை போட்ட பெண் ஒருத்தி ஏறினாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பேசாமல் ஒரு ஹோமில் சேர்த்துவிடலாம் என்று மகள் போனில் அழுதாள். இவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெட்டி ஹேர் டையில் தீர்கிற விஷயத்துக்கு ஹோம் எதற்கு?

தீர்ந்தால்தானே! பெட்டியின் மேல் வாரக்கணக்கில் நிற்கும் என்று போட்டிருந்தது. இவள் தலையில் அடுத்த ஞாயிறைப் பார்ப்பதே அபூர்வம். முதலில் கருப்பு, பிறகு காப்பி, அதற்குப் பிறகு துருப்பிடித்த ஆணி. தலையணை உறை கருப்பானது, துண்டு கருப்பானது, காதுமடல்கூடக் கருப்பானது. கருப்பாக வேண்டியது மட்டும் ஆகவில்லை. கீழே இருக்கும் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஃபிரேம் பொருத்திப் பார்ப்பது. நாள் முழுக்க எதிரே கண்ணாடி. அவர்களுடைய முகத்துக்குப் பின்னால் தன் வகிட்டைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்கு ஒட்டினாற்போல் ஒரு பியூட்டி பார்லர். அதை நடத்துகிறவளுக்கு வாய் அதிகம், மனசு நல்லது. ஒரு மத்தியானம் இவள் தலையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. டை அடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் வைக்கிறீங்களா?"

"ஆமா. முடி காயக்கூடாதுன்னு."

"சரியாப் போச்சு. வாழை இலையில தண்ணி ஊத்திட்டு நிக்கலியேன்னு அழுவுறீங்க. அடிச்ச கையோட வெந்நீர்ல தலை குளிக்கிறீங்களா?"

"குளிக்காம?"

பார்லர்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போக முந்தின நாளே அலசிவிட வேண்டும். தலை நன்றாக உலர்ந்த பிறகுதான் தொட வேண்டும். வேரில் வெள்ளை அதிகம் என்பதால் அங்கிருந்து ஆரம்பித்து நுனிக்கு இழுக்க வேண்டும். கலவையை வெறும் தண்ணீரில் குழைக்காமல், ஆறவைத்த கெட்டித் தேயிலைத் தண்ணீரில் குழைத்தால் கருப்பு கனமாக விழும். அடித்த பிறகு அவசரப்படக் கூடாது. பச்சைத் தண்ணீர்தான்; அதுவும் ஷாம்பு இல்லாமல். அடுத்த தலைக்குளியலுக்கு எத்தனை நாள் தள்ளிப்போட முடியுமோ அத்தனை நாள். வெயிலில் தலையைக் காட்டக் கூடாது.

"சாயம் மேல ஒட்டினாப் போதாதுக்கா. உள்ள போய் உக்காரணும். ஒரு தடவ உக்காந்துடுச்சுன்னா எழுப்பவே முடியாது" என்றாள்.

இன்னொரு விஷயமும் சொன்னாள். எல்லாக் கருப்பும் ஒரே கருப்பு இல்லையாம். நீலம் ஓடுகிற கருப்பு உண்டு, சிவப்பு ஓடுகிற கருப்பு உண்டு. ஒத்துப்போகாத கருப்பை முடி ஏற்காது, கக்கிவிடும். சின்ன வயசு முடி ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னாள். அதை வைத்து ஷேடு பிடிக்கலாம்.

இருந்தது. இரும்புப் பெட்டியின் அடியில், பூச்சி உருண்டை போட்ட ஒரு துணிப்பையில் இரண்டு சவுரிகள். ஒன்று அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பு சீப்பில் வந்த முடியையெல்லாம் சேர்த்து அவள் அம்மா கட்டிக் கொடுத்தது. மற்றது நாத்தனாருடையது.

நாத்தனார் என்றால் காயில்காரரின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். முழங்கால் வரை முடி. கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிகிறாள் என்பார்களே, அந்த மகராசி அள்ளி முடிந்ததில் இவளுடைய கல்யாணத்தின் முதல் வருஷமும் சேர்ந்து முடிச்சில் மாட்டிக்கொண்டது. "அவன் எனக்குப் பிள்ளை. நீ நடுவுல வந்தவ" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். தம்பி சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவதும் அவள்தான், பரிமாறுவதும் அவள்தான். அக்கா திட்டும்போதெல்லாம் காயில்காரர் தலையைக் குனிந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். தனக்காக அவர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று இவள் ஏங்கினாள். பேசவில்லை. அந்த வருஷமே நாத்தனார் படுக்கையில் விழுந்தாள். சிக்கு எடுக்க முடியாமல் முடியை வெட்டினார்கள். வெட்டிய முடியைத் தூக்கிப் போட மனசில்லாமல் சவுரியாகக் கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இல்லை. இப்போதும் அவர் எப்போதாவது அக்கா எங்கே என்று கேட்டால், ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிச் சமாளிப்பாள்.

பைக்குள் இரண்டு சவுரிகளும் பின்னிக் கிடந்தன, சாரை எது நாகம் எது என்று தெரியாத மாதிரி. கை விட்டதும் ஒன்று வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மெத்தென்று இருந்தது. தன் முடி தனக்குத் தெரியாதா? அதை எடுத்துக்கொண்டு, பையை முடிந்து பழையபடி உள்ளே தள்ளினாள்.

பார்லர்காரி சவுரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாயைப் பிளந்தாள். கிண்ணத்தில் தேயிலைத் தண்ணீரை ஊற்றி டையைக் குழைத்தாள். சவுரியின் வாலை மட்டும் அதில் முக்கி வைத்து, கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தால் ஷேடு தெரிந்துவிடும் என்றாள். அதற்குள் ஒரு கல்யாணப் பெண்ணின் வீட்டிலிருந்து போன் வந்தது. எந்த ஃபேஷியல், எத்தனை பேருக்கு மேக்கப் என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது சவுரி முழுசாக வழுக்கிக் கிண்ணத்துக்குள் இறங்கியிருந்தது.

"முழுசாக் குடிச்சிருச்சே" என்று சிரித்தாள். சவுரியைத் தூக்கி, ஈரத்துணியைப் பிழிவது போல் கிண்ணத்துக்குள்ளேயே பிழிந்தாள். நல்ல டை, வீணாக்குவானேன் என்று அந்தக் கலவையையே கண்ணாடிக்காரியின் தலையில் பூசினாள்.

குளுகுளுவென்று இருந்தது. யாரோ பின்னால் நின்று பத்து விரலாலும் மண்டையைப் பிடித்துவிட்டது போல் சுகமாக இருந்தது. கண்ணாடிக்காரி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் தலையை மூடாமலே படியேறிக் கதவைத் தட்டினாள். கதவு முழுசாகத் திறந்தது.

"வந்துட்டியா? சாப்பிட்டியா?"

அந்த "யா"வைக் கேட்டு அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ங்க" போய்விட்டது. "நீ" வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

டை வெளுக்கவில்லை. தலையணையில் கறை இல்லை, துண்டில் கறை இல்லை. தைரியம் வந்து ஒரு நாள் சாதாரணமாகத் தலை குளித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. ஞாயிறு வந்தது, போனது, மறுபடி வந்தது. காயில்காரர் வீட்டை விட்டு நகரவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சமர்த்தாகக் கம்பி சுற்றினார். மகளுக்குப் போன் போட்டு, ஹோம் பேச்சை இத்தோடு விட்டுவிடு என்று கண்டிப்பாகச் சொன்னாள். கடை முதலாளி அவள் தலையைப் பார்த்துவிட்டு, தன் வழுக்கைக்கும் ஏதாவது வழி உண்டா என்று பார்லர்காரியிடம் போய்க் கேட்டார். நிலம் இருந்தால்தானே விதைப்பதற்கு என்று அவள் திருப்பி அனுப்பினாள்.

முதலில் அவள் கவனித்தது வகிட்டைத்தான். டை அடித்து இத்தனை நாளில் வேரில் வெள்ளை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. புதிதாக முளைத்த முடியும் கருப்பாகவே முளைத்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கடைக் கண்ணாடியில் அதைப் பார்த்தபோது அவள் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டாள். பூசிய சாயம் பூசிய இடத்தில்தானே இருக்க வேண்டும்? பூசாத இடத்துக்கு எப்படிப் போனது?

ஜடை கனத்தது. இடுப்பைத் தாண்டி இறங்கியது. எத்தனை அலசினாலும் பூச்சி உருண்டை வாசம் போகவில்லை.

அடுத்து கவனித்தது வீட்டில். ஒரு சாயந்திரம் அவள் உள்ளே நுழைந்தபோது காயில்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சடாரென்று எழுந்து பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். புகையை விழுங்கி இருமினார். காலம் முழுக்க அவள் முகத்தில் புகை விட்டுப் பேசிய மனுஷன். பெண்டாட்டியிடம் பீடியை மறைக்கிற புருஷனை அவள் கேள்விப்பட்டதே இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் குடிக்கமாட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

படுக்கும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஏன் என்று கேட்டால் உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். ஒரு நாள் சோறு போடும்போது ஆசையாக அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவளிடமே கொடுத்துவிட்டு, "கழுவிட்டேன். வேணும்னா பாரு" என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. "வந்துட்டியா", "சாப்பிட்டியா", "வேணும்னா பாரு". எல்லாம் இருந்தது, "டி" இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட இல்லை. "நீ" வந்த சந்தோஷத்தில் அவள் அதைத் தேடவே மறந்திருந்தாள். ஓர் ஆண் "டி" போடாமல் "நீ" என்று கூப்பிடக்கூடிய பெண்கள் எத்தனையோ பேர். பெண்டாட்டி மட்டும்தான் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் ஜன்னலோரம் கம்பியோடு உட்கார்ந்திருந்தபோது எதிரில் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் செம்புக் கம்பியில் பட்டுச் சுவரெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது. தான் யார் என்று அவரிடம் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே ஆரம்பித்தார். ஸ்டூலிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்கால் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்கா. கோவிச்சுக்கக் கூடாது."

கண்ணாடிக்காரி தன் ஜடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ என்ன சொன்னாலும் நான் கேப்பேன். என்னை வளத்தவ நீ. ஆனா அவளைத் திட்டாதக்கா. நல்லவக்கா அவ. தனியாப் போய் அழுவுறா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்பியச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்கா. எங்க போனான்னு தெரியல. உனக்குப் பயந்துதான் போயிட்டாளோ?"

ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கியிருந்தாள். இதோ, ஒன்றுக்கு ஒன்பதாக வந்து கொட்டுகிறது, அதுவும் அவளிடமே. கண் நிறைந்தது. நான்தான் அவள், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லப் போனாள். அவர் முகத்தைக் கையில் ஏந்தவும் செய்தாள்.

"அவ உனக்கு வேணாம்டா" என்றது அவள் வாய்.

அவள் சொல்லவில்லை. சொல்ல நினைக்கவும் இல்லை. ஆனால் நாக்கு புரண்டது, உதடு அசைந்தது. கட்டிய புருஷனை "டா" போட்டு இதுவரை அவள் கூப்பிட்டதே கிடையாது. குரல்கூட அவளுடையது இல்லை. கொஞ்சம் கரகரத்து, முடிவில் இழுக்கும் குரல். அந்த இழுப்பை அவள் மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"அவ போனா போகட்டும். நான் இருக்கேன்ல?"

காயில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்க் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அக்கா திட்டும்போது சுற்றிய அதே சுற்று.

கண்ணாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். இரும்புப் பெட்டியைத் திறந்து துணிப்பையைக் கவிழ்த்தாள். பார்லரிலிருந்து கொண்டு வந்த சவுரியைக் கழுவி உலர்த்தி, மேலாக வைத்திருந்தாள். அது வந்து விழுந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் விழுந்தது. இரண்டின் தலைக்கட்டையும் புரட்டிப் பார்த்தாள். அம்மா எதைக் கட்டினாலும் சிவப்பு நூலால்தான் கட்டுவாள். பையிலேயே தங்கிவிட்ட சவுரியில் சிவப்பு நூல் இருந்தது. டையைக் குடித்த சவுரியில் கருப்பு நூல்.

தன் முடி தனக்குத் தெரியவில்லை. இரண்டையும் பைக்குள் போட்டுக்கூட மூடவில்லை. தரையில் கிடந்தபடி விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பார்லர்காரி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். நிற்கவில்லை என்று அழுதீர்கள், இப்போது நிற்கிறதே என்று அழுகிறீர்களா என்றாள். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். சாயம் நீக்குகிற கிரீமைப் பூசினாள். நெடி கண்ணைக் கரித்தது. பஞ்சில் துடைத்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மறுபடி பூசினாள், மறுபடி துடைத்தாள். ஒரு முடியை இழுத்துச் சுரண்டினாள். நகத்தில்கூடக் கறை ஒட்டவில்லை.

"இது நான் போட்ட டை இல்லக்கா" என்றாள் மெல்ல. "நான் போட்டது என்னிக்கோ போயிருக்கணும்."

"வெட்டிடு."

"எவ்வளவு?"

"மொத்தமும். தோலு தெரியணும்."

கத்தரிக்கோல் ஜடைக்குள் சிக்கிக்கொண்டது. மெஷினை எடுத்தாள். அது ஓட ஆரம்பித்ததும் கண்ணாடிக்காரிக்கு மண்டைக்குள் யாரோ பல்லைக் கடிப்பது போல் இருந்தது. வலிக்கவில்லை, ஆனால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால்கள் துடித்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓடத் துடித்தது தன் கால்தானா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வாய் ஏதோ சொல்லப் பார்த்தது. பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி முடி விழுந்தபோது வேரில் இருந்த கருப்பும் அதோடே போய், தலையில் அரிசி நொய் தூவின மாதிரி வெள்ளை வெளேரென்று அடிமுடி மிச்சமிருந்தது. அவளுடைய வெள்ளை. அதைத் தடவிப் பார்த்து அவள் அழுதாள். வெள்ளை முடியைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவள் ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இனி நடக்கப்போவதும் தெரிந்தே இருந்தது. கதவு பாதிதான் திறக்கும். "ங்க" வரும். அவர் தன்னைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்குவார். அவளும் கூடவே இறங்கி, அவர் பெண்டாட்டியை அவரோடு சேர்ந்து தேட வேண்டியதுதான். யாரோவாகவாவது அவர் பக்கத்தில் இருக்கலாம். அக்காவாக இருக்க முடியாது.

கதவைத் தட்டினாள். பாதி திறந்தது.

"யாருங்க? யாரைப் பாக்கணும்?"

அந்த "ங்க" இன்று தேனாக இனித்தது. கீழே கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகவும், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்டாள். அவர் அவளுடைய தலையைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அவர் அவளைக் கண்டு பயப்படவில்லை. திரும்பித் திரும்பி உள்ளறைப் பக்கமே பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார், குரலை இறக்கி. "அக்கா உள்ள இருக்கு. தலை காயவச்சுக்கிட்டு இருக்கு."

கண்ணாடிக்காரிக்கு அப்போதுதான் கேட்டது. ஈரக் கூந்தலைத் துண்டால் அடித்து உதறும் சத்தம். பட். பட். அவசரமில்லாத சத்தம், நீளமான முடியைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தட்டுகிறவளின் சத்தம். உள்ளறைத் திரைக்குக் கீழே தண்ணீர் ஒரு கோடாக வழிந்து கூடத்துக்குள் வந்திருந்தது. துளி சாயம் இல்லாத, தெளிந்த தண்ணீர். பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியது.

"அதுக்கு வெளியாளுங்க வந்தாப் பிடிக்காது. உங்களைப் பாத்தாத் திட்டும். நீங்க போயிடுங்கம்மா" என்றார் அவர். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

கால்கள் படியிறங்கிவிடத் தயாராக இருந்தன. இறங்கிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே அவரும் அவளும். அதற்குப் பிறகு எத்தனை தடவை தட்டினாலும் திறக்கிற கை அவருடையதாக இருக்காது.

"திட்டினா, எனக்காக நீங்க ஒரு வார்த்தை பேசுவீங்களா?"

அவர் குழம்பிப்போனார். கையிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதேங்க."

"தெரிய வேணாம். பேசுவீங்களா?"

உள்ளே துண்டு அடித்துக்கொண்டிருந்தது. காயில்காரர் திரையைப் பார்த்தார். அவளுடைய நொய்த்தலையைப் பார்த்தார். பிறகு கதவை முழுசாகத் திறந்தார். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்காவுக்கு அவர் முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணாடிக்காரி பார்த்ததே இல்லை.

"உக்காருங்க" என்றார். "சும்மாதானே இருக்கீங்க? இந்த முனையக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. தொய்வில்லாம இருக்கணும்."

அவள் உட்கார்ந்து கம்பியின் முனையை வாங்கிக்கொண்டாள். அவர் சுற்ற ஆரம்பித்தார்.

துண்டுச் சத்தம் நின்றது. திரைக்கம்பியில் வளையங்கள் ஒவ்வொன்றாக நகரும் ஓசை கேட்டது. காயில்காரரின் தோள் இறுகியது. ஆனால் அவர் தலையைக் குனியவில்லை. கண்ணாடிக்காரி அவர் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காமல், கம்பியை விரல் வெளுக்க இழுத்துப் பிடித்திருந்தாள்.